சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் விஸ்கி சேகரிப்பு: வெப்பம் தாங்குமா?

ஈசூன்வாசி:
சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த விஸ்கி) சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். அலமாரிமேல் மாலை வெயில் நேராக விழுகிறது. ஒயின் மாதிரி படுக்க வைக்கலாமா? திறந்த போத்தல் எவ்வளவு காலம் தாங்கும்?

தேக்காக்காரன்:
படுக்க வைக்கவே வேண்டாம், அவ்வளவு ஆல்கஹால் தக்கையை அரித்து உதிர்த்துவிடும், நிமிர்த்தியே வையுங்கள். வெயில் படாத மூடிய அலமாரி போதும். போத்தலில் விஸ்கி முதிராது, அதெல்லாம் பீப்பாயோடு சரி. கால்வாசிக்குக் கீழே இறங்கிவிட்டால் நண்பர்களைக் கூப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள், உள்ளே இருக்கும் காற்றே வாசனையை மந்தமாக்கிவிடும்.

மால்ட்பிரியை:
அண்ணன் சொல்வது சரி. அப்புறம், முழுப் போத்தல் வாங்குமுன் பாரில் ஒரு கிளாஸ் சுவைத்துப் பாருங்கள். இங்கே தீர்வையே லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 சிங்கப்பூர் வெள்ளி, 40 விழுக்காட்டு 700 மில்லி போத்தலுக்கு ஏறக்குறைய 24.60 வெள்ளி, ஜிஎஸ்டி தனி. பெங்களூரின் அம்ருத் ஃப்யூஷனில் தொடங்கலாம், இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்தின் புகையூட்டிய பார்லியும் சேர்ந்தது. முதலில் வெறுமனே முகருங்கள், பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள், புகைக்குப் பின்னால் பழவாசனை மெல்ல எழும், எனக்கு அந்த இடம்தான் உயிர்.

ஈசூன்வாசி:
நன்றிக்கா. ஜொகூரிலிருந்து ஒரு போத்தல் கொண்டுவரலாமா?

தேக்காக்காரன்:
மலேசியாவிலிருந்து வந்தால் தீர்வைச் சலுகை கிடையாது, தம்பி.