ஓ.பி.டி.யில இருந்து சுகாதாரத் தகவலியலுக்கு: கோடிங் தெரியாமல் போகலாமோ?

வடமராட்சியான்
வணக்கம். ஆதார வைத்தியசாலையில வெளிநோயாளர் பிரிவு (ஓ.பி.டி.) மருத்துவ அதிகாரி, 4 வருசச் சேவை. பட்டப்பின் படிப்புக்குச் சுகாதாரத் தகவலியல், அதாவது நோயாளர் பதிவுகளைக் கொம்பியூட்டரில கையாளுற துறைப் பக்கம் போக யோசனை. கோடிங் சுத்தமாத் தெரியாது. படிச்சா உண்மையில என்ன வேலை? விண்ணப்பிக்க முன்னம் எதைப் பழகிறது?

கோப்பாய் வெளி
கொழும்புப் பல்கலைக்கழகத்தின்ரை பட்டப்பின் மருத்துவ நிறுவனம் 2009 இல தொடங்கின உயிர்மருத்துவத் தகவலியல் எம்.எஸ்ஸி.தான் வாசல். அதுக்கு மேலை எம்.டி. இருக்கு, விசேட நிபுணரா வர விருப்பமெண்டா அந்த வழி. தகுதி விபரத்தை அந்தந்த வருசச் சுற்றறிக்கையில மட்டும் பாருங்கோ.

கோட் எழுத வேண்டாம், வாசிக்கத் தெரியோணும். தரவுத்தளத்தில தேடுற மொழி எஸ்.கியூ.எல். அதில ஜொயின் (அட்டவணைகளை இணைக்கிறது), குறூப் பை (வகைவகையாக் கூட்டிறது) வரைக்கும் பழகுங்கோ. பிறகு சுகாதாரத் தரவு சேர்க்கிற டி.எச்.ஐ.எஸ். 2. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின்ரை இலவச சொஃப்ட்வெயர், டெமோ இன்ரர்நெற்றிலயே கிடக்கு. 2020 தொடக்கத்தில கொரோனாவுக்கு இலங்கை கட்டின ட்ராக்கர் (ஆள் ஆளாப் பதிஞ்சு தொடர்ந்து பாக்கிற படிவம்) இதிலதான். பேந்து வேற நாடுகளும் அதை எடுத்தவை. ஒரு டெங்கு ட்ராக்கரை நீங்களே கட்டிப் பாருங்கோ.

சேர்வர் அறை
எஸ்.கியூ.எல். பிறகு பாக்கலாம். கொப்பிப் பதிவைக் கொம்பியூட்டருக்கு மாத்திறதுதான் வேலை, அதால முதல்ல நோயாளர் பதிவு மேசைக்குப் பக்கத்தில ஒரு காலமை மணிக்கூட்டோட நில்லுங்கோ. ஒரு ஆளைப் பதிய 90 செக்கன், 400 பேர் எண்டு வையுங்கோ: 600 நிமிசம். 8 மணியில இருந்து 12 மணிவரை 240 நிமிசம்தான். மூண்டு மேசை இல்லாமல் சிஸ்ரம் நிக்காது. இந்தக் கணக்குப் போடாமல் தொடங்கின இடத்தில கியூ கேற்றுக்கு வரும், அடுத்த கிழமை பழைய கொப்பி திரும்பி வரும்.

அடுத்தது இரட்டைப் பதிவு, ஒரே ஆள் ரண்டு தரம் பதியப்படுறது. நோயாளிக்குக் குடுக்கிற தனிநபர் சுகாதார இலக்கம் 11 இலக்கம்: முதல் 4 வழங்கின இடம், பிறகு 6 தொடரிலக்கம், கடைசி ஒண்டு சரிபார்க்க. அந்தக் கடைசி இலக்கம் தட்டச்சுப் பிழையைத்தான் பிடிக்கும். ஒரே ஆளுக்கு ரண்டு இடத்தில ரண்டு இலக்கம் குடுத்தா அதுக்குத் தெரியாது. பேரை வைச்சும் பிடிக்கேலாது: எங்கடை பொம்பிளையளுக்குக் கலியாணத்தோட முதலெழுத்து தகப்பனில இருந்து புருசனுக்கு மாறிடும். முதலெழுத்தைத் தனி நிரலில வைச்சு, ஒப்பிடேக்க விட்டிடுங்கோ.

அடையாள அட்டையிலயும் பழையது 9 இலக்கமும் ஒரு எழுத்தும், 2016 இல இருந்து 12 இலக்கம். பழசை மாத்த முன்னால 19, பழைய இலக்கத்தின்ரை ஐந்தாம் இடத்துக்குப் பிறகு ஒரு 0, கடைசி எழுத்தை விடோணும். ரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்து பிறகு தேடுங்கோ.

வடமராட்சியான்
நன்றி. அப்ப இதுக்கு டொக்டர் ஏன்? ஐ.ரி. பொடியள் செய்யக்கூடிய வேலை மாதிரிக் கிடக்கு.

நல்லூர் வீதி
'படிவத்தில இந்தக் கட்டத்தை நிரப்பிறதைக் கட்டாயமாக்காதேங்கோ' எண்டு சொல்ல டொக்டர் வேணும். ஓ.பி.டி.யில நோய்க் குறியீட்டைக் கட்டாயமாக்கினா, நெரிசலில எல்லாரும் R50.9 எண்ட குறியீட்டைத் தட்டுவினம். காரணம் தெரியாத காய்ச்சல். மாதமுடிவில அழகான வரைபடம் வரும், ஒண்டுக்கும் உதவாது. ஓ.பி.டி.க்கு 30, 40 நோய்கள் கொண்ட குறுகிய பட்டியல், விடுதியில இருந்து நோயாளி வெளியேறேக்க முழு ஐ.சி.டி. 10, அதாவது சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியல். இதை ஐ.ரி. ஆக்கள் தீர்மானிக்கேலாது, பணிப்பாளரும் உங்களைத்தான் கேப்பார். ஆர் எந்தப் பதிவைத் திறக்கலாம் எண்டதும் அப்பிடித்தான். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருக்கா முழுசா வாசியுங்கோ. சுகாதாரத் தரவு அதில விசேட வகை.

கரண்ட் போற நாளுக்கு முன்கூட்டியே இலக்கம் அச்சிட்ட ஸ்ரிக்கர் ஒரு 200 மேசையில இருக்கோணும், கரண்ட் வந்த பிறகு ஆர் ஏத்திறது எண்டதும் முதலே முடிவாகோணும்.

சேர்வர் அறை
அதோட கொம்பியூட்டரையும் சேர்வரையும் இணைக்கிற நெற்வேர்க் சுவிச்சுக்கும் யூ.பி.எஸ். (கரண்ட் போனா ஓடுற பற்றரி) குடுங்கோ. கொம்பியூட்டருக்கும் சேர்வருக்கும் மட்டும் போட்டிட்டு, நடுவில சுவரில தொங்கிற அந்தச் சின்னப் பெட்டியை மறந்திடுவினம். எல்லாத் திரையிலயும் வெளிச்சம் இருக்கும், ஒரு பதிவும் ஏறாது.