4 நாள் கன்னுக்கு வெள்ளைக் கழிச்சல், என்ன பண்றதுங்க?

ஜெர்சி கலப்புக் கிடேரிங்க. நேத்து ராத்திரியிலிருந்து தண்ணியா, மஞ்சள் கலந்த வெள்ளையாக் கழியுது. கண்ணு உள்ளே போயிருச்சு, காது சில்லுனு இருக்கு. மாசியில ஒண்ணு இப்படித்தான் போச்சு, இதையும் விட மனசு வரலைங்க. நஞ்சுக்கொடி விழட்டும்னு 6 மணி நேரம் கழிச்சுத்தான் சீம்பால் விட்டோம்.

பதில் 1:
காது சில்லுன்னா காத்திருக்காதீங்க அக்கா, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்க, ட்ரிப் ஏத்தணும். முதல் சில நாள்ல வர்றது பெரும்பாலும் ஈ.கோலைங்கிற பாக்டீரியாவால. அதோட நச்சு உடம்புல இருக்கிற நீரையும் உப்பையும் குடலுக்குள்ள இழுத்துக் கொட்டிடும். கன்னு சாகிறது நீர் வத்தித்தான். பாலை நிறுத்தாதீங்க, உப்புக் கரைசலைத் தனியாக் கொடுங்க.

பதில் 2:
நஞ்சுக்கொடிக்காகக் காத்திருந்ததுதான் தப்புங்க. தாய் வயித்துல இருக்கும்போது கன்னுக்கு நோய் எதிர்ப்புப் புரதம் போகாது, சீம்பால்லதான் கிடைக்கும். மணி ஆக ஆகக் குடல் அதை உறிஞ்சுறது குறையும், 24 மணி நேரத்துல நின்னே போயிடும். 2 மணி நேரத்துக்குள்ள முதல் சீம்பால், 30 கிலோ கன்னுக்கு அன்னைக்கே 3 லிட்டர். கட்டுத்தரை ஈரமில்லாம இருக்கட்டும்.

கேட்டவர்:
டாக்டர் வந்து 2 பாட்டில் ஏத்தினாருங்க. சாயந்திரம் தானா எந்திரிச்சு மடியைத் தேடுச்சு. அடுத்த மாடு ஐப்பசியில ஈனும், அன்னைக்கு நான் நஞ்சுக்கொடியைப் பார்த்துட்டு நிக்க மாட்டேன்.