டோக்கியோ ஹோட்டலில் தூக்கம் வராத இரண்டு பேர்: இந்தப் படம் உங்களுக்குப் பிடித்ததா?

ஹட்டன் ரசிகன்:
எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனில் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு படம் போட்டுப் பார்க்கிறோம், முடிந்ததும் பிளேன்டீயோடு பேச்சு. போன மாதம் சோஃபியா கொப்போலா 2003இல் எடுத்த 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' போட்டோம். பார்க்காதவர்களுக்குக் கதை: விஸ்கி விளம்பரத்தில் நடிக்க டோக்கியோவுக்கு வருகிற, வயது போன அமெரிக்க நடிகர் (பில் மர்ரே). போட்டோ எடுக்கிற வேலையாக வந்த கணவனோடு கூடவே வந்து, ஹோட்டல் அறையில் அடைந்து கிடக்கிற இளம் மனைவி (ஸ்கார்லெட் ஜோஹான்சன்). இரண்டு பேருக்கும் இரவில் தூக்கம் இல்லை. பாரில் சந்திக்கிறார்கள், பேசுகிறார்கள், ஊர் சுற்றுகிறார்கள், பிரிகிறார்கள். அவ்வளவுதான் கதை.

பாதிப் பேர் நடுவிலேயே போனை எடுத்துவிட்டார்கள். "என்னப்பா, ஒண்ணுமே நடக்கலையே" என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். இன்னொருவர் கடைசி வரை வாயே திறக்கவில்லை, போகும்போது பென் டிரைவில் படத்தைப் போட்டுத் தரச் சொன்னார். அப்புறம் கடைசி பஸ் நேரம் வரைக்கும் ஒரே சண்டை. எனக்குப் படம் ரொம்பப் பிடித்தது. ஆனால் வெளிநாட்டுத் தனிமை என்றால் என்னவென்று எங்கள் மலையகத்து வீடுகளுக்கு நன்றாகவே தெரியும், அப்படியிருந்தும் இவ்வளவு பேருக்கு ஏன் ஒட்டவில்லை என்று புரியவில்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மஸ்கெலியா தம்பி:
தெரிந்ததால்தான் ஒட்டவில்லை அண்ணா. ஷிஞ்சுகுவில் பார்க் ஹயாட் ஹோட்டல், மேல் மாடியில் கண்ணாடி ஜன்னல், கீழே ஊர் முழுக்க வெளிச்சம். அங்கே உட்கார்ந்து மனசு சரியில்லை என்றால் எனக்கு என்ன வரும்? எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் போன அக்காமாரில் சிலருக்குத் தனி அறையே இல்லை, குசினிப் பக்கம்தான் படுக்கை. படத்தில் அந்தப் பெண் நினைத்த நேரம் ரயில் ஏறி கியோட்டோவுக்குப் போய்க் கோயில் பார்க்கிறாள். எங்கள் ஆட்களிடம் போய் இறங்கியதும் முதலில் வாங்கி வைப்பதே பாஸ்போர்ட்டைத்தான்.

அடுத்தது, ஜப்பான்காரர்களைக் காட்டியிருக்கும் விதம். லிஃப்டில் எல்லோரும் குட்டையாக, ஹீரோ மட்டும் நெடுநெடு என்று. நடிகரின் அறைக்கு ஒரு பெண் வருகிற காட்சி முழுக்க அவளுடைய உச்சரிப்பை வைத்துத்தான் சிரிப்பு. கொழும்பில் நான் கடையில் நின்ற காலத்தில் என் சிங்களத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், அந்தக் காட்சியில் என்னால் சிரிக்க முடியவில்லை. இது என் கோபம் மட்டும் இல்லை, 2004 ஆஸ்கார் நேரத்தில் அமெரிக்காவில் இருக்கிற ஆசியர்கள் சிலரே இதற்கு வாக்குப் போடாதீர்கள் என்று பிரசாரம் செய்தார்கள்.

பொகவந்தலாவை அக்கா:
தம்பி, நீங்கள் சொன்ன பாஸ்போர்ட் கதை எனக்கும் நடந்தது. குவைத்தில் வேலை செய்த வீட்டில் வந்த அன்றைக்கே வாங்கி அலுமாரியில் பூட்டினார்கள். அதனால் நான் பணக்காரர்களுக்காகப் பேசவில்லை. ஆனால் அந்தப் போன் காட்சியை நீங்கள் சொல்லவே இல்லை.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை ஊரில் இருக்கிற தோழிக்குப் போன் எடுக்கிறாள். கோயிலுக்குப் போனேன், எனக்குள் ஒன்றுமே தோன்றவில்லை, கல்யாணம் கட்டியவர் யாரென்றே தெரியவில்லை என்று தொண்டை அடைக்கச் சொல்கிறாள். தோழி கொஞ்சம் இரு என்று எங்கேயோ போய்விட்டு வந்து, என்ன சொன்னாய் என்று கேட்கிறாள். இவள் ஒன்றுமில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாள். தோழி கெட்டவள் இல்லை, அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் வீட்டுக்குப் போன் எடுத்தால் லயத்தில், அதுதான் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், பாதிப் பேர் அம்மாவைச் சுற்றி நிற்பார்கள். காசு வந்ததா, கூரைத் தகரம் மாற்றியாச்சா, தம்பி ஓஎல் பரீட்சை வகுப்புக்குப் போகிறானா என்று நான் கேட்பேன், அவர்கள் நீ எப்படி இருக்கிறாய் என்பார்கள், நல்லா இருக்கேன் என்பேன். போன் காட்டில் இருந்த காசு முடிந்துவிடும். யார் மேலும் பிழை இல்லை. அழுகிறதைக் கேட்டால் அம்மா அன்றைக்குச் சோறு சாப்பிடமாட்டா என்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லோரும் அன்பாக இருந்தும் சொல்ல ஆள் இல்லாமல் இருக்கிறது இருக்கே, அதை அந்தக் காட்சி அப்படியே பிடித்திருக்கிறது, ஹோட்டல் பெரிசா சின்னதா என்பதை அந்த நேரம் நான் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டில் எத்தியோப்பியாப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். குப்பை போடப் போகிற நேரத்தில் இரண்டு பேரும் படியில் கொஞ்சம் உட்காருவோம். எனக்குத் தெரிந்தது குசினி அரபு, அவளுக்கும் அதே. வெங்காயம், துணி, மேடம், தலைவலி, இவ்வளவுதான் பேச்சு. அந்த நேரம் இல்லாவிட்டால் நான் ஒப்பந்தம் முடிக்காமல் ஓடி வந்திருப்பேன். அதனால்தான் அந்த நடிகருக்கும் பிள்ளைக்கும் நடுவில் என்ன உறவு என்று கேட்கிறவர்களோடு எனக்குக் கோபம். கட்டிலில் உடுப்போடு படுத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசுகிறார்கள், கடைசியில் அவர் அவளுடைய பாதத்தில் கை வைக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, அவர்களுக்கு அதற்கு மேல் வேண்டியதும் இல்லை.

பண்டாரவளை டீச்சர்:
அக்கா எழுதியதை இரண்டு தரம் படித்தேன்.

ஹட்டன் ரசிகனுக்கு ஒன்று. எங்கள் ஊரில் மட்டும் இல்லை, படம் வந்த காலத்திலிருந்தே எல்லா இடத்திலும் இதே சண்டைதான். விமர்சகர்கள் தூக்கி வைத்தார்கள், சிறந்த அசல் திரைக்கதைக்கு ஆஸ்கார் கிடைத்தது. பில் மர்ரே என்றதும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று டிக்கெட் எடுத்தவர்களில் நிறையப் பேர் எரிச்சலோடு எழுந்து போனார்கள். கிட்டத்தட்ட 40 லட்சம் டொலரில், 27 நாளில் எடுத்த சின்னப் படம் இது. உலகம் முழுக்க 10 கோடி டொலருக்கு மேல் வசூலித்ததும், பெரிய படம் என்ற நினைப்போடு வருகிறவர்கள் இன்னும் கூடினார்கள்.

அப்புறம், கூட்டமாகப் பார்க்கிற படம் இது இல்லை என்பது என் எண்ணம். கடைசியில் சனக்கூட்டத்து நடுவில் அவர் அவள் காதில் ஏதோ சொல்வார், நமக்குக் கேட்காது. பத்துப் பேர் இருக்கிற அறையில் யாராவது ஒருவர் "என்ன சொன்னான்?" என்று கேட்டாலே காட்சி போச்சு. ஜப்பானிய வசனத்துக்குப் படத்தில் சப்டைட்டில் கிடையாது, உங்கள் கோப்பில் யாராவது போட்டிருந்தால் நிறுத்திவிட்டுப் பாருங்கள், அந்த நடிகர் முழிக்கிற மாதிரி நாமும் முழிக்க வேண்டும்.

உச்சரிப்புக் காட்சி பற்றித் தம்பி சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. எனக்குப் பிடித்த படம்தான், அந்த இடத்தில் மட்டும் கூசுகிறது.

மஸ்கெலியா தம்பி:
அக்கா, போன் காட்சி நல்ல காட்சிதான், அதை நான் குறை சொல்லவில்லை. படம் எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. அதே ஹோட்டலில் கட்டில் விரிப்பு மாற்றுகிற பெண்ணும் வேலை முடிந்து யாருக்காவது போன் எடுப்பாள் இல்லையா, அவளைக் கமரா ஒரு நிமிசமாவது பார்த்திருந்தால் நான் இந்தச் சண்டைக்கே வந்திருக்கமாட்டேன். நீங்கள் குப்பை போடுகிற படியைப் பற்றி எழுதியதைத்தான் நான் படமாகப் பார்க்க ஆசைப்படுகிறேன். இன்னும் கொஞ்சம் எழுதுங்கள் அக்கா.