வீடியோ பார்த்து ப்ளூஸ் ஹார்மோனிகா: எதுவரை போகலாம்?

குமரேசன்_கோவை

வணக்கம் நண்பர்களே. யூடியூப் பாடங்களை மட்டும் வைத்துக்கொண்டு ப்ளூஸ் ஹார்மோனிகா பழகி வருகிறேன். 10 ஓட்டை டயடானிக் (ஒரே கீயின் சுரங்களுக்கு அமைந்த ஹார்மோனிகா), சி கீ. ஒற்றைச் சுரம் சுத்தமாக வருகிறது. 4 இழுப்பில் (நாலாவது ஓட்டையில் காற்றை உள்ளிழுத்து) பெண்ட், அதாவது சுரத்தை வளைத்துக் கீழிறக்குவது, வந்துவிட்டது. நாலைந்து லிக் (சின்ன இசைத் துணுக்குகள்) மனப்பாடம். ஆனால் எதை வாசித்தாலும் பாடம் ஒப்பிப்பது மாதிரியே இருக்கிறது. 3 இழுப்பில் ட்யூனர் ஆப்பைப் பார்த்து பி ஃப்ளாட் பிடிக்கிறேன், பச்சை விளக்கும் எரிகிறது. பதிவு செய்து கேட்டால் ப்ளூஸ் வாசனையே இல்லை. மாதச் சந்தா கட்டும் தளத்துக்கு மாறலாமா, ஆசிரியரைத் தேடலாமா, இப்படியே ஓட்டலாமா?

நாகர்கோவில்_எட்வின்

தம்பி, இப்படியே ஓட்டாதீங்க. வீடியோவில் பழகியவர்களைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம். லிக் பத்து தெரியும், தாளம் தெரியாது. 12 பார் ப்ளூஸில் (நாலு தட்டு கொண்ட பார் பன்னிரண்டு சேர்ந்த சுற்று) இப்போது எத்தனையாவது பாரில் நிற்கிறீர்கள் என்று நடுவில் நிறுத்திக் கேட்டால் முழிப்பார்கள். வீடியோ ஒருபோதும் நிறுத்திக் கேட்காது, அதுதான் அதன் வசதி.

இன்னொன்று, இது வாய்க்குள் நடக்கிற வேலை. கிட்டார் என்றால் விரலைப் பார்த்துக்கொள்ளலாம். இதில் கேமராவுக்குத் தெரிவது ஒரு கையும் மீசையும். நான் வகுப்புக்குப் போன முதல் நாளே ஆசிரியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசிக்கச் சொன்னார். அதுவரை மூக்கு வழியாகப் பாதிக் காற்று ஒழுகிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. ஒழுகினால் பெண்டுக்கு வேண்டிய அழுத்தம் சேராது. அதை எந்த வீடியோ கண்டுபிடித்துச் சொல்லும்?

ஷாலினி_ஆர்

மூக்கைப் பிடிச்சுப் பாருங்கன்னு சொல்ற வீடியோ எக்கச்சக்கமா இருக்கு எட்வின் சார். நானே அப்படித்தான் சரி பண்ணினேன்.

“வாய்க்குள் நடக்கிற வேலை”ன்னு சொல்றீங்க. சரி, எதிரே உட்கார்ந்திருக்கிற ஆசிரியருக்கு மட்டும் உங்க நாக்கு தெரியுமா? அவரும் காதால கேட்டு ஊகிக்கத்தான் செய்றார். உண்மையில எனக்குத் தெளிவு கொடுத்தது ஆசிரியர் இல்லை, ஒரு வீடியோவில வந்த குறுக்குவெட்டுப் படம். ஒவ்வொரு ஓட்டையிலயும் ஊதும் ரீடு (அதிர்ந்து சத்தம் தர்ற உலோகத் தகடு) ஒண்ணு, இழுக்கும் ரீடு ஒண்ணு, ஒரே அறைக்குள்ள. பெண்ட் பண்ணும்போது சுரம் அந்த ரெண்டுக்கும் நடுவிலதான் இறங்க முடியும். சி ஹார்ப்ல (ஹார்மோனிகாவைத்தான் அப்படிச் சொல்றது) 4 இழுப்பு டி, 4 ஊது சி, நடுவில ஒரே ஒரு அரைச்சுரம். 3 இழுப்பு பி, 3 ஊது ஜி, நடுவில மூணு. அதனாலதான் 4 சீக்கிரம் வசப்படுது, 3 உயிரை வாங்குது. 5ல ரெண்டு ரீடுக்கும் அரைச்சுரம்தான் வித்தியாசம், அதனால அங்க முழுசா ஒரு பெண்ட் கிடையவே கிடையாது. இது தெரியாம 5ஐ வளைக்கப் பார்த்து எத்தனை பேர் ரீடை நாசம் பண்ணியிருப்பாங்களோ.

இதெல்லாம் முன்னாடி தொழில் ரகசியம் மாதிரி இருந்தது. 2007ல ஆடம் கஸ்ஸோங்கிற ப்ளூஸ் ஹார்மோனிகா வாசிப்பாளர் யூடியூப்ல இலவசமாப் பாடம் போட ஆரம்பிச்ச பிறகுதான் கதவு திறந்தது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில பேராசிரியர். காருக்குள்ள உட்கார்ந்துகூடச் சொல்லிக் கொடுப்பார்.

நாகர்கோவில்_எட்வின்

நல்ல ஆளைத்தான் எடுத்தீங்க மேடம். அந்த கஸ்ஸோ எப்படிக் கற்றார் என்று பாருங்கள். நியூயார்க்கில் நாட் ரிடில்ஸ் என்ற வாசிப்பாளரிடம் நேரில் கற்றார். பிறகு 1986இல் ஹார்லெம் 125ஆவது தெருவில் ஸ்டெர்லிங் மாகீ என்ற தெருக் கலைஞருடன் சேர்ந்து நடைபாதையில் வாசிக்க ஆரம்பித்தார். மாகீ கையில் கிட்டார், காலில் ஹை-ஹாட் (மிதித்து வாசிக்கும் ஜோடி சிம்பல்). அந்தக் காலடித் தாளம் கஸ்ஸோவின் உடம்பில் ஊறிய பிறகுதான் அவர் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தார். வீடியோ போடுகிறவர் வீடியோ பார்த்து வரவில்லை!

ப்ளூஸ் ஹார்மோனிகா மேதை ஜேம்ஸ் காட்டன் சிறுவனாக இருக்கும்போதே ஆர்கன்சாவின் ஹெலினாவில் இரண்டாம் சன்னி பாய் வில்லியம்சன் என்ற மூத்த வாசிப்பாளரோடு போய் இருந்து பழகியவர். வானொலியில் கேட்டதோடு நின்றிருந்தால் ஜேம்ஸ் காட்டன் கிடைத்திருப்பாரா?

இசைப்பைத்தியம்

வானொலியும் இசைத்தட்டும் அந்தக் காலத்து யூடியூப்தானே சார். ப்ளூஸ் ஹார்ப் மேதை லிட்டில் வால்ட்டர் யாரிடம் டியூஷன் போனார்? லூயி ஜோர்டனின் சாக்ஸபோன் தட்டுகளைக் கேட்டு அந்த வளைவுகளை ஹார்ப்பில் கொண்டுவந்தார். மைக்கைக் கைக்குள் பொத்தி ஆம்ப்ளிஃபையரில் செருகி, 1952இல் பதிவு செய்த ஒரே ஒரு கருவியிசைத் தட்டு ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாட்டுப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. எல்லாம் காதால் வந்த வித்தை.

நம்ம ஊரில் குருகுலம் குருகுலம் என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேரைப் பயமுறுத்தி ஓட வைத்துவிட்டோம். இங்கேயும் அதைக் கொண்டு வராதீர்கள்.

நாகர்கோவில்_எட்வின்

குருகுலம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கர்நாடக சங்கீதத்தை இதற்குள் இழுத்தது நீங்கள்.

லிட்டில் வால்ட்டர் தட்டு கேட்டார், உண்மை. ஆனால் சிறுவயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி நியூ ஆர்லியன்ஸ், மெம்ஃபிஸ், ஹெலினா என்று சுற்றி, மூத்த வாசிப்பாளர்கள் பக்கத்தில் நின்று பழகி, பிறகு சிகாகோ மாக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்தவர். சந்தையில் வாசிப்பது என்றால் பிடிக்காதவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான். வீடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களை விட்டு யார் போகப் போகிறார்கள்?

ரீடு_ரிப்பேர்

பெரியவர்கள் சண்டை போடட்டும். குமரேசன் கேட்ட 3 இழுப்புக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

தம்பி, நீங்கள் சி ஹார்ப்பை ஜி கீயில், அதாவது இரண்டாம் பொசிஷனில் வாசிக்கிறீர்கள். 3 இழுப்பு அங்கே மூன்றாம் சுரம். பெண்ட் இல்லாமல் பி, அது மேஜர். அரைச்சுரம் இறக்கினால் பி ஃப்ளாட், அது மைனர். ப்ளூஸ்காரர்கள் பெரும்பாலும் நிற்கும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில், மைனரை விடக் கொஞ்சம் மேலே. அங்கேயும் ஆணி அடித்தாற்போல் நிற்க மாட்டார்கள், தொட்டு நகர்வார்கள். ட்யூனரில் பச்சை விளக்கு எரியும் இடம் பியானோவின் பி ஃப்ளாட். உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது, ஆப்தான் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

இதே கூத்து 5 இழுப்பிலும் நடக்கும். புது ஹார்ப் வாங்கி ட்யூனரில் வைத்தால் 5 இழுப்பு தாழ்ந்து காட்டும். உடனே “டிஃபெக்ட் பீஸ்” என்று கடைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். ஜெர்மனியின் டிராஸிங்கனில் 1896இல் ஹோனர் கொண்டுவந்த மரீன் பேண்ட் மாடலின் பழைய சுருதியிலேயே 5 இழுப்பு நன்றாகத் தாழ்ந்திருக்கும். நாலைந்து ஓட்டையைச் சேர்த்து வாசிக்கும்போது கார்டு இழையாமல் உறுமக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். இப்போது வரும் பல மாடல்களில் ஒரு சமரசச் சுருதி, ஆனாலும் 5 சற்றே கீழேதான் இருக்கும்.

ட்யூனரே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2 இழுப்பை ஜியிலிருந்து எஃப் வரை முழுசாக இறக்கப் பழகும்போது வையுங்கள், ரொம்ப உதவும். அங்கே பாதியில் நின்றுவிட்டு முழுசாக இறங்கிவிட்டதாக நினைப்பவர்கள்தான் அதிகம்.

(கேட்காமலே ஒன்று: கடையில் இரட்டை வரிசை ஓட்டை உள்ள ட்ரெமலோ மவுத் ஆர்கனை வாங்கி வந்து “வீடியோவில் சொன்னபடி செய்தும் பெண்ட் வரவில்லை” என்று எழுதுபவர்களுக்கு: அதில் ஒவ்வொரு ரீடுக்கும் தனி அறை. வராது. வீடியோ மேல் பழி போடாதீர்கள்.)

ஷாலினி_ஆர்

ரீடு_ரிப்பேர் அண்ணா, இப்ப நீங்க சொல்லிக் கொடுத்ததே எழுத்திலதான். ஆளை நேர்ல பார்க்காம. நான் சொல்றதும் அதுதான், விஷயம் தெரிஞ்சவர் எந்த வழியாச் சொன்னாலும் போய்ச் சேரும்.

குமரேசன், வீடியோவைப் பார்க்கிற விதத்தை மாத்துங்க. வேகத்தை 0.75ல வைங்க. ஒரே ஒரு லிக்கை எடுத்துக்கங்க, டேப் நம்பரை (எந்த ஓட்டைன்னு காட்டற எண்ணை) மறைச்சுடுங்க, காதால பிடிங்க. அப்புறம் அதையே ஒரு பீட் தள்ளி ஆரம்பிச்சு வாசிச்சுப் பாருங்க. ஒப்பிக்கிற மாதிரி வருதுன்னா, எல்லா லிக்கையும் ஒண்ணாவது பீட்லயே ஆரம்பிக்கிறீங்கன்னு அர்த்தம். எல்லாப் பாடத்திலயும் ஒன் டூ த்ரீ ஃபோர் சொல்லி அங்கதான் ஆரம்பிப்பாங்க, பழக்கம் அப்படியே ஒட்டிக்கும். சந்தாத் தளம் கட்டறதா இருந்தா, நீங்க அனுப்பற பதிவைக் கேட்டுத் திருத்தம் சொல்றாங்களான்னு மட்டும் பாருங்க. வெறும் வீடியோ குவியல்னா காசு தண்டம்.

நாகர்கோவில்_எட்வின்

ஆக, திருத்தம் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று. அந்த ஆளுக்குப் பெயர்தான் ஆசிரியர்.

ஷாலினி_ஆர்

ஆசிரியர் வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? “இப்படியே ஓட்டாதீங்க”ன்னு நீங்க சொன்னதைத்தான் மறுத்தேன். மேல போய்ப் படிச்சுப் பாருங்க. அதோட, ப்ளூஸ் ஹார்ப் சொல்லித் தர ஆள் எந்தத் தெருவில இருக்கார்? பஸ் ஏறிப் போக முடியற தூரத்தில ஒருத்தரைக் காட்டுங்க, நானே போய்ச் சேர்ந்துக்கறேன். இல்லாத ஆளுக்காகக் கையில இருக்கிறதையும் விடச் சொல்றது என்ன நியாயம்?

நெறியாளர்

சூடு கொஞ்சம் குறையட்டும். ஆளை விட்டுவிட்டு ஹார்மோனிகாவைப் பற்றிப் பேசவும்.

வன்னிக்காற்று

நான் டொரோண்டோவில இருக்கிறன். நீங்கள் இரண்டு பேரும் அறைக்குள்ள தனிய இருந்து வாசிக்கிற ஆளைப் பற்றித்தான் கதைக்கிறியள். பக்கத்தில ஆசிரியர் இருந்தாலும் அறை அறைதான்.

இங்க ப்ளூஸ் ஜாம் (வாற ஆக்கள் மேடையில ஏறிச் சேர்ந்து வாசிக்கிறது) நடக்கிற இடங்களுக்கு நான் போறனான். முதல் நாள் மேடையில ஏறின உடன கிட்டார்க்காரன் “ஈ” எண்டு சொல்லிப்போட்டுத் தொடங்கிட்டான். என்னட்ட இருந்தது சி ஹார்ப் ஒண்டுதான், அது ஜிக்குத்தான் சரிவரும். கிட்டார்க்காரருக்கு ஈயும் ஏயும்தான் பிரியம். ஈக்கு ஏ ஹார்ப் வேணும், ஏக்கு டி ஹார்ப் வேணும். வீடியோ எல்லாம் சி ஹார்ப்பில சொல்லித் தந்துபோட்டு விட்டிடும்.

மற்றது, பாட்டுக்காரர் பாடேக்க ஹார்ப்பை வாயில இருந்து எடுக்க வேணும். அவர் வரியை முடிச்சு மூச்சு விடுற இடத்தில ரெண்டு சுரம், அவ்வளவுதான். பார்க்கச் சின்ன விசயம். வீட்டில பேக்கிங் ட்ராக் (பின்னணி இசைப் பதிவு) போட்டு 12 பாரும் நிறுத்தாமல் ஊதிப் பழகின ஆளுக்கு அந்த ரெண்டு நொடி சும்மா நிக்க ஏலாது. என்னால ஏலாமல்தான் இருந்தது. ஒரு வயது போன ட்ரம்ஸ்காரர் பின்னால இருந்து குச்சியால சிம்பலை ஒருக்கா அடிச்சு என்னைப் பார்த்தார். அதோட விளங்கீட்டுது.

இசைப்பைத்தியம்

அப்போ ட்ரம்ஸ்காரர்தான் குரு 😄

வன்னிக்காற்று

ஓம், காசு வாங்காத குரு. குமரேசன், கோவையில ப்ளூஸ் ஜாம் இல்லாட்டி கிட்டார் வாசிக்கிற கூட்டாளி ஒராளைப் பிடியுங்கோ. மூண்டு கார்டு தெரிஞ்சால் காணும், ஜி, சி, டி. வீடியோ காலில சேர்ந்து வாசிக்கலாம் எண்டு மட்டும் நினைக்காதேயுங்கோ, சத்தம் பிந்தித்தான் வரும், தாளம் சிதறிப்போகும்.

குமரேசன்_கோவை

எல்லோருக்கும் நன்றி. இன்று ட்யூனரை மூடி வைத்துவிட்டு 3 இழுப்பை மட்டும் வைத்து வாசித்தேன். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று தடவிக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஹார்ப் முனகுகிற மாதிரி வந்தது. ரீடு_ரிப்பேர் அண்ணன் சொன்ன இடம் அதுதான் என்று நினைக்கிறேன். ஷாலினி மேடம் சொன்ன ‘ஒரு பீட் தள்ளி’ இன்னும் வரவில்லை, காலும் வாயும் தனித்தனியாகப் போகின்றன. சந்தா இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு. அலுவலகத்தில் கிட்டார் வாசிக்கும் ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன். ஒரு பதிவு போட்டால் இங்கே கேட்டுச் சொல்வீர்களா?

நாகர்கோவில்_எட்வின்

போடுங்க தம்பி. பேக்கிங் ட்ராக் வேண்டாம். வெறும் காலைத் தட்டிக்கொண்டு 12 பார், இரண்டு சுற்று. முதல் சுற்றில் 2 இழுப்பைத் தவிர வேறு எதுவும் வாசிக்காதீங்க. வேகம் கூடுகிறதா, குறைகிறதா, எங்கே தடுமாறுகிறீர்கள் என்று நான் எழுதுகிறேன்.

ஷாலினி_ஆர்

நல்ல யோசனை, அப்படியே செய்யுங்க குமரேசன். ஆனா எட்வின் சார் நாகர்கோவில்ல இருந்துக்கிட்டு கோவைக்காரருக்கு ஆன்லைன்லதான் பாடம் எடுக்கப் போறார், அதையும் யாராவது குறிச்சு வைச்சுக்கங்க.