காஞ்சனாபுரி போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். எங்கள் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளைத் தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்கு, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையைக் காட்ட அழைத்துப் போகிறோம். க்வாய் ஆற்றுப் பாலம், ஹெல்ஃபயர் பாஸ் (பாதைக்காகப் பாறையை வெட்டிய இடம்) எல்லாம் சுற்றுலா நடத்துபவர்களே காட்டிவிடுவார்கள். எனக்குக் கேட்க வேண்டியது வேறு.

காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அடக்கமாகியிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் இருக்கும். 1942-43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து இந்தப் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களுக்கு அந்தக் கல்லறையில் ஒரு கல்கூடக் கிடையாது. பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், "நம்மாளுங்க எங்கே?" என்று.

அந்த ஊர் புத்தக் கோயில் ஒன்றில் தமிழர்களுக்கு நடுகல் வைத்திருக்கிறார்கள். அங்கே குழுவாகப் போய் மலர் வைக்க முன்அனுமதி வேண்டுமா? யாரிடம் பேசுவது? தமிழில் விளக்கிச் சொல்லும் வழிகாட்டி யாரையாவது தெரியுமா? (பாலத்தில் செல்ஃபி எடுக்கச் சொல்லும் ஆள் வேண்டாம்.)

ஹெல்ஃபயர் பாஸில் படிகள் அதிகம். முழங்கால் வலி உள்ள ஒரு பையனும் வருகிறான். மேலே அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா? அந்தப் பாதையில் நாம் டோக் (Nam Tok) என்ற ஊருக்குப் போகும் ரயிலில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்குமா?

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்தப் பாதையில் வேலை செய்திருந்தால், அவர்கள் பெயரை மட்டும் எழுதுங்கள். நடுகல் முன்னால் வாசிக்கிறோம்.