அப்பா அம்மாவுக்கு ஜெர்மனி விசா: ஏஜென்ட் வேண்டுமா, நாமே போடலாமா?

குளச்சல் கரை:
அக்கா ஜெர்மனியில் நர்ஸ். குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது, அப்பாவும் அம்மாவும் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்று போனில் தினமும் அழுகிறாள். அப்பாவுக்கு ஒரு விசைப்படகு. வருமானம் எல்லாம் ஏலத்தில் கையில் வரும் காசு, சம்பளச் சீட்டு கிடையாது, வருமான வரிக் கணக்கு இதுவரை போட்டதில்லை. நாகர்கோவிலில் ஒரு ஏஜென்டைப் பார்த்தேன். விசா கட்டணம் போக ஆளுக்கு 20,000 கேட்கிறார். அதுகூடப் பரவாயில்லை, அப்பா கணக்கில் மூன்று லட்சம் அவரே போட்டு ஒரு மாதம் வைத்திருப்பாராம், அதற்குத் தனி வட்டி. ஜெர்மனிக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்காவிட்டால் சுலபமாகத் தரும் வேறு நாட்டு விசா எடுத்து அங்கே இறங்கி ஜெர்மனிக்குப் போய்விடலாம் என்கிறார். ஜூனில் போக வேண்டும். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் தேன்:
அந்த ஆள் பக்கமே போகாதீர்கள் தம்பி. ஜெர்மனிக்கு எடுப்பது ஷெங்கன் விசா, ஐரோப்பாவில் 29 நாட்டுக்கும் அந்த ஒரே விசா செல்லும் என்பது உண்மைதான், ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்கப் போகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாட்டில் சம நாள் என்றால் மட்டும் முதலில் இறங்கும் நாடு. அப்பா முழுக்க அக்கா வீட்டில் இருக்கப் போகிறார், அப்புறம் வேறு நாட்டுக்கு ஓட்டல் புக்கிங் காட்டினால் அது பொய். விமான நிலையத்தில் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டால் அம்மா மகள் வீட்டுக்கு என்றுதானே சொல்வார்கள்? அவர்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது, ஏன் சொல்ல வைக்க வேண்டும்?

மூன்று லட்சம் விஷயமும் அப்படித்தான். மூன்று மாத வங்கிக் கணக்கைக் காட்டும்போது, எட்டாயிரமும் பன்னிரண்டாயிரமுமாக ஓடிக்கொண்டிருந்த கணக்கில் திடீரென்று ஒரு பெரிய தொகை வந்தால் யார் கண்ணிலும் படும்.

கோட்டாறு டீச்சர்:
மார்த்தாண்டம் தம்பி சொல்வது படித்தவர்களுக்குச் சரி. 2022 மே 15 அன்று ரோமில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நாங்கள் குழுவாகப் போனோம். நட்டாலத்தில் பிறந்து நம் காற்றாடிமலையில் உயிர் விட்ட மனிதருக்கு வத்திக்கான் சதுக்கத்தில் மரியாதை நடக்கும்போது நான் அங்கே இருந்தேன் என்றால் அதற்கு ஒரு ஏஜென்ட்தான் காரணம். எங்கள் குழுவில் கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த பாட்டிகள் இருந்தார்கள். படிவம், காப்பீடு, டிக்கெட், ஓட்டல், எல்லாவற்றையும் அவர்தான் பார்த்தார், ஒரு பொய்த்தாள் வைக்கவில்லை. நாமே போடலாம் என்று எழுதிவிடுவது சுலபம், சென்னைக்கு ராத்திரி முழுக்க ரயிலில் போய் ஒரு தாள் குறைகிறது என்று வயசான காலத்தில் திரும்பி வருவது யார்? குளச்சல் மக்கா, இந்த ஏஜென்ட் வேண்டாம், நல்ல ஏஜென்டைப் பார்.

குலசேகரம் ரப்பர்:
நான் டீச்சர் பக்கம். போன வருடம் என் மாமனாருக்கு நானே போட்டேன், மறுத்துவிட்டார்கள். எந்த நாடு என்பது வேண்டாம். ரப்பர் தோட்டம் இரண்டு ஏக்கர், பட்டா வைத்தேன், பாஸ்புக் வைத்தேன், அழைப்புக் கடிதம் வைத்தேன். குறித்த நாளுக்குள் திரும்பி வருவார் என்பதில் சந்தேகம் என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பினார்கள். கட்டணம் 90 யூரோ போனது போனதுதான். அவர் அதற்கப்புறம் வெளிநாடு என்ற பேச்சையே எடுப்பதில்லை. எனக்கு அனுபவம் இல்லாததால்தான் இப்படி ஆனது.

மார்த்தாண்டம் தேன்:
குலசேகரம் அண்ணன், மனசு கஷ்டமாக இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், கவர் லெட்டர், அதாவது ஏன் போகிறார், எப்போது திரும்புவார் என்று விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதம், அதில் என்ன எழுதினீர்கள்?

குலசேகரம் ரப்பர்:
யூடியூபில் ஒருவர் கொடுத்த மாதிரியைத்தான் எடுத்துப் பெயர் மாற்றினேன். பட்டா தமிழிலேயே இருந்தது, மொழிபெயர்க்கவில்லை.

மார்த்தாண்டம் தேன்:
அதுதான் அண்ணன். பட்டாவை அவர்களால் படிக்கவே முடிந்திருக்காது. ஒரு முறை மறுத்தார்கள் என்பதற்காக அடுத்த விண்ணப்பத்தைத் தானாகத் தள்ளக்கூடாது என்று அவர்கள் விசா சட்டத்திலேயே இருக்கிறது, மாமனாரிடம் சொல்லுங்கள். ஆனால் போலித்தாள் என்ற கட்டத்தில் டிக் விழுந்தால் கதை வேறு. மறுப்பும் காரணமும் எல்லா ஷெங்கன் நாடும் பார்க்கும் கணினியில் ஏறும், ஐந்து வருடம் வரை அங்கே இருக்கும். ஏஜென்ட் போன் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விடுவார், படிவத்தின் அடியில் கையெழுத்து அப்பாவுடையது.

குளச்சல் தம்பிக்கு என் கருத்து. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம், அது அரசாங்க உத்தரவு. இதைத்தான் கடிதத்தின் முதல் பத்தியில் எழுத வேண்டும். என் படகு இந்த இரண்டு மாதமும் கரையில் நிற்கும், ஆகஸ்ட் 1 நான் கடலுக்குப் போயாக வேண்டும், என் படகில் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அதற்குள் ஐஸும் டீசலும் ஏற்ற வேண்டும், ஆகவே ஜூலை 22 திரும்பிவிடுவேன். ஜூனில் ஏன் போகிறார், ஜூலையில் ஏன் வருகிறார் என்ற இரண்டு கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. மூன்று லட்சம் வட்டிக்கு வாங்கிப் போட்டாலும் இந்த பதில் கிடைக்காது. எந்த ஏஜென்டும் இதை எழுத மாட்டார், அவருக்கு நம் கடல் தெரியாது.

கோட்டாறு டீச்சர்:
இது கொள்ளாம். ஆனால் தடைக்காலத்தில்தானே எல்லாரும் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள்? முதலாளி அந்த நேரத்தில் ஊரில் இல்லாமல் முடியுமா?

குளச்சல் கரை:
அது சித்தப்பா பார்த்துக்கொள்வார் டீச்சர், அவர்தான் எஞ்சின் வேலையும் பார்ப்பார். மார்த்தாண்டம் அண்ணா, ஆதாரத்துக்கு எதை வைப்பது?

மார்த்தாண்டம் தேன்:
படகின் பதிவுச் சான்று, மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை, தடைக்கால நிவாரணம் ஏறிய பாஸ்புக் பக்கம், வீட்டுப் பத்திரம். தமிழில் இருப்பதை எல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். வரிக் கணக்கு இல்லை என்றால் இல்லை என்று கடிதத்தில் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் அக்கா கையில் இருக்கிறது. ஜெர்மனியில் அவர் இருக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், என் அப்பா அம்மாவின் செலவு முழுக்க என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால், அக்காவின் சம்பளத்தைப் பார்த்து முத்திரை வைத்த ஒரு பத்திரம் தருவார்கள். ஒரு பத்திரத்துக்கு 29 யூரோ. அதன் அசல் கூரியரில் வர வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் போதாது. அது கையில் இருக்கும்போது அப்பா கணக்கில் மூன்று லட்சம் எதற்கு?

காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது, எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் செல்ல வேண்டும். விசா வருவதற்கு முன் முழுப் பணம் கட்டி டிக்கெட் எடுக்காதீர்கள், முன்பதிவு போதும்.

சிங்கை குமரிக்காரன்:
இவ்வளவு எதற்கு? இட்டியாஸ் என்று ஐரோப்பாவுக்கு ஒரு ஆன்லைன் பயண அனுமதி வரப் போகிறது, 20 யூரோ கட்டினால் வந்துவிடுமாம். கொஞ்சம் பொறுத்தால் போதுமே.

மார்த்தாண்டம் தேன்:
இல்லை அண்ணா. ஏற்கெனவே விசா வேண்டாதவர்களுக்குத்தான் அது. உங்களிடம் சிங்கப்பூர் பாஸ்போர்ட் இருந்தால் உங்களுக்கு உதவும், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், அது மாறவில்லை. இதை நம்பி ஜூன் மாதத்தை விட்டுவிட்டால் படகு அடுத்த தடைக்காலத்தில்தான் நிற்கும்.

குலசேகரம் ரப்பர்:
கைரேகைக்கு அவர்களே போக வேண்டுமா? மாமனாருக்கு ரேஷன் கடையிலேயே விரல் பதியாது, ரப்பர் பால் வெட்டித் தேய்ந்த கை. சென்னையில் நாலைந்து தடவை எடுத்தார்கள்.

மார்த்தாண்டம் தேன்:
முதல் முறை நேரில் போயாக வேண்டும், ஏஜென்ட் வைத்தாலும் இதே ரயில்தான் அண்ணன். ஒருமுறை பதிந்தால் 59 மாதத்துக்கு அதையே பயன்படுத்தலாம். குளச்சல் தம்பி, அப்பா கயிறு இழுக்கும் கை, முந்தின நாலைந்து நாள் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள், என் அப்பாவுக்கு அப்படித்தான் பதிந்தது.

கோட்டாறு டீச்சர்:
மறுத்தால் என்ன செய்வது, அதையும் சொல்லிவிடுங்கள். முன்பெல்லாம் ஜெர்மனி தூதரகத்துக்கே ஒரு கடிதம் எழுதி மறுபடி பார்க்கச் சொல்லலாம். 2025 ஜூலை 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள், இனி ஒன்று அங்கே வழக்கு, இல்லை புது விண்ணப்பம், புதுக் கட்டணம். அதனால்தான் நான் பயப்படுகிறேன். முதல் தடவையே சரியாகப் போக வேண்டும், அதற்கு விவரம் தெரிந்த ஒருவர் தாள்களைப் பார்க்க வேண்டும். அவருக்கு ஏஜென்ட் என்று பெயர் இருந்தால் என்ன குற்றம்?

மார்த்தாண்டம் தேன்:
தாளைச் சரிபார்க்கக் காசு வாங்கினால் குற்றமே இல்லை டீச்சர், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். இல்லாத தாளை உண்டாக்கக் காசு வாங்குவதைத்தான் சொல்கிறேன்.

குளச்சல் கரை:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி அப்பாவிடம் பேசினேன். வட்டிக்குப் பணம் போடும் கதையைச் சொன்னதும், அப்படிப் போய்ப் பேரனைப் பார்க்க வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அக்கா அந்த அலுவலகத்தில் நாள் கேட்டிருக்கிறாள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் சென்னை அப்பாயின்ட்மென்டை இன்று முதல் காலையும் ராத்திரியும் பார்க்கப் போகிறேன். கடிதத்தை நானே எழுதுகிறேன். டீச்சர், எழுதி முடித்ததும் உங்களுக்கு அனுப்பட்டுமா?

கோட்டாறு டீச்சர்:
அனுப்பு மக்கா. வீட்டுப் பத்திர நகலையும் சேர்த்து அனுப்பு, பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். நம் கரையில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று.

குளச்சல் கரை:
அப்பாவுக்கு இரண்டும் வேறுதான் டீச்சர்.

கோட்டாறு டீச்சர்:
அப்படியானால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் எடுத்துவிடு. நாளைக்கே போ.