மீட்டிங்ல சொந்தப் பேச்சு வரமாட்டேங்குது, உங்களுக்கும் இப்படி உண்டா?

குழித்துறைக்காரன்:
எனக்க ஊரு மார்த்தாண்டம் பக்கம், சென்னை வந்து ஆறு வருஷம் ஆச்சு. வந்த புதுசுல ஆபீஸ் கேன்டீன்ல பலாப்பழத்த தின்னுட்டு "சக்கை கொள்ளாம்"னு சொல்லிட்டேன், மொத்த டேபிளும் சிரிச்சுது, இங்க சக்கைன்னா கரும்பு பிழிஞ்சுட்டு தூக்கிப் போடுறதாம். அதுக்கப்புறம் எத சொன்னாலும் மண்டைக்குள்ள ஒருதரம் மாத்திட்டு தான் வெளிய விடுறது. போன வாரம் மேனேஜர் "வெள்ளிக்கிழம முடிஞ்சிடுமா"ன்னு கேட்டாரு. முடியாதுன்னு நல்லா தெரியும், ஆனா வாயில வந்தது "ட்ரை பண்றேன் சார், பாத்துக்கலாம்". இதே எங்க அண்ணன் கேட்டிருந்தா "நடக்காதுண்ணா, செவ்வா ஆவும்"னு அப்பவே பறஞ்சிருப்பேன். வெள்ளிக்கிழம முடியல, எல்லார் முன்னாடியும் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

தாமிரபரணி_தண்ணி:
ஏ மக்கா, 1956 நவம்பர் 1 வரைக்கும் உங்க விளவங்கோடு கல்குளம் எல்லாம் திருவிதாங்கூர் கொச்சில தான கெடந்துச்சு, பேச்சுல மலையாள வாசம் அடிக்காம பின்ன எப்படி இருக்கும். சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுவ, விடும்.

கொங்குத்தறி:
எங்களுக்கு வேற கதைங்க. எதுக்கெடுத்தாலும் "ங்க" போடறதால பம்மறோம்னு நெனச்சுக்கறாங்க. ஆனா "அது ஆகாதுங்க"ன்னு ஒருக்கா சொல்லிப் பாருங்க, கோவமும் வராது, மறுபடி கேக்கவும் மாட்டாங்க.

மழைக்கால_மைலாப்பூர்:
நான் கொஞ்சம் ஒத்துக்க மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க மாடில உங்க ஊர் அண்ணன் ஒருத்தர் இருந்தாரு, போன் பண்ணி "தம்பி, மேல வெள்ளம் இல்ல"ன்னாரு, நானும் "அப்பாடா, நல்லதாப் போச்சுண்ணே"ன்னு வெச்சுட்டேன். மனுஷன் குடிக்கத் தண்ணி இல்லன்னு சொல்லிருக்காரு! அதனால கேக்கறவனுக்குப் புரியற மாதிரி வார்த்தைய மாத்தறது ஒண்ணும் தப்பு இல்ல. ஆனா அந்த "பாத்துக்கலாம்" இருக்கே, அத எங்க பாஷை மேல போடாதீங்க, எங்காளுங்க முடியலன்னா மூஞ்சிக்கு நேரா "ஆவாதுபா"ன்னுட்டு போயிட்டே இருப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்கு ஸ்லாங் பிரச்சினை இல்ல, மேனேஜர்னா பயம், அவ்ளோதான்.

குழித்துறைக்காரன்:
சுருக்குன்னு தான் இருந்துச்சு, ஆனா செரிதான். இன்னைக்கு காலைல மறுபடியும் அதே கேள்வி வந்துது, வியாழன் தர முடியுமான்னு. "நடக்காது சார், டெஸ்டிங்குக்கே ரெண்டு நாள் வேணும், திங்கள் தாறேன்"னு சொல்லிட்டேன், "தாறேன்"னு அப்படியே வந்துட்டு, மாத்த நேரமில்ல. ஒரு பய சிரிக்கல. அவரு லேப்டாப்ல இருந்து தலைய தூக்கி "திங்கள் காலைலயா சாயந்திரமா"ன்னு மட்டும் கேட்டாரு. சாயந்திரம்னேன், எழுதிக்கிட்டாரு.

அது கெடக்கட்டும், அந்த மேல்மாடி அண்ணனுக்கு கடைசில வெள்ளம் கெடச்சுதா இல்லியா?